அம்பயர் பார்க்க வேண்டிய இடம்

அந்த யோசனை எனக்கு மேலப்பாளையத்தில், ஒரு தறிக்குழியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

அவர்கள் நெய்துகொண்டிருந்தது அகலப் போர்வை. ஒற்றை ஆளின் கைக்கு எட்டாத அகலம். ஆகவே ஒரே தறியில் இரண்டு பேர் இருந்தார்கள். இடப்பக்கம் என் சிநேகிதன் காதரின் அண்ணன், வலப்பக்கம் காதரின் மச்சான் அப்பாஸ். நூலைச் சுமந்த நாடா இந்தக் கையிலிருந்து புறப்படும், இழைகளுக்கு நடுவே சர்ரென்று ஓடும், அந்தக் கையில் போய் நிற்கும். பலகை டக்கென்று ஒரு அடி அடிக்கும். மறுபடி அங்கிருந்து இங்கே. அறை முழுக்க நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனை.

நான் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் காதர் படுத்திருந்தான். வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் உளுந்து மாவும் பூசிக் கட்டிய பெரிய கட்டு. என்னைப் பார்த்து அந்த வலியிலும் சிரித்தான்.

“என்னவே, நாடாவோட சேந்து நீரும் ஓடுதீரா?”

“இவ்வளவு வேகமா வாரதை எப்படித்தான் பாத்துப் புடிக்காங்களோ?” என்றேன்.

அவன் அண்ணன் தலை நிமிராமலே பதில் சொன்னார். “நாடாவ யாரு பாக்கா? அது வந்தா கைக்குத் தெரியும். என் பாதில இழை அறுதான்னு நான் பாக்கேன். அவன் பாதிய அவன் பாக்கான். ரெண்டு பேரும் நாடாவப் பாத்துக்கிட்டு இருந்தோம்னா துணி வெளங்கும்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். பாதிக்கு ஒருவர்! ஓடுகிறதை விட்டுவிட்டு, அவரவர் பாதியைப் பார்ப்பது! பந்தாட்டம் நடத்திவந்த எனக்கும் என் நண்பன் ஞானமுத்துவுக்கும் மூன்று மாதமாகத் தெரியாமல் இருந்தது இதுதான்.

அந்தச் சந்தோஷம் நாடா நாலு தரம் போய்வரும் நேரம்கூட நிலைக்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள் மாலைப் பந்தாட்டத்தில், காதரின் கையை ஒடித்தவன் எதிர்க்கட்சி இசக்கி என்று ஊரறியச் சொன்னவன் நான். இசக்கி ஒடித்ததை நான் பார்க்கவேயில்லை. அந்தச் சொல்லால் படிப்பு பறிபோய், இசக்கி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்று காலைதான் சொந்த ஊரான முக்கூடலுக்குப் புறப்பட்டிருந்தான்.

போன வாரம் இதே பத்தியில் நான் சைக்கிள் பழகிய கதையைப் படித்த வண்ணார்பேட்டை நண்பர் ஒருவர், “நீர் விழுந்த கதைகளையே எழுதுகிறீரே, நின்ற கதை ஒன்றும் கிடையாதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். இது நின்ற கதைதான். தப்பான இடத்தில் நின்ற கதை.

ஒரே ஒரு பந்து

கூடைப்பந்து நம் பக்கத்துக்கு வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகிறது என்பதால், பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆளுயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்தில் கம்பம். கம்பத்தில் கூடை. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். உதைக்கக் கூடாது, பந்தை ஏந்திக்கொண்டு ஓடக் கூடாது, எதிராளியைத் தள்ளக் கூடாது.

இதைக் கொண்டுவந்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஞானமுத்து. பாளையங்கோட்டையில் உபாத்தியாயர்களைப் பழக்கும் டிரெயினிங் ஸ்கூல் ஒன்றில் அவன் வாத்தியார். ஒரு கோடை விடுமுறையில் சென்னைப் பட்டணம் போனவன், ஒரு சின்ன விதிப் புத்தகமும் ஒரு தோல் பந்துமாகத் திரும்பி வந்தான். கூடை மட்டும் வாங்கி வரவில்லை. “நம்மூர்ல கூடைக்கா பஞ்சம்?” என்றான்.

இரண்டு பனையோலைக் கடகங்களைக் கம்பங்களில் கட்டினோம். முதல் நாள் ஆட்டத்தில் பந்து அழகாக உள்ளே விழுந்தது. விழுந்தது, அங்கேயே இருந்துவிட்டது. ஏணி தேடி ஒருவன் சர்ச் பக்கம் ஓட, இரண்டு கட்சியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றது. மறுநாள் கடகங்களின் அடியை அறுத்தோம்.

மைதானத்தின் தெற்கே, பத்துத் தப்படியில் கால்வாய். ஆற்றுத் தண்ணீர் நிறைகரையாக ஓடும். பந்து அதில் விழுந்தால் வயல் வயலாகப் போய்க்கொண்டே இருக்கும், தோல் ஊறிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். ஜில்லாவில் வேறு பந்து கிடையாது என்று நாங்கள் நம்பினோம்.

ஆகவே பந்துக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது. நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நாளெல்லாம் நகல் எடுத்துவிட்டு, மாலை நாலரைக்கு மைதானத்தை நோக்கி ஓடுகிறவன். பந்தை எறியவும் வராது, பிடிக்கவும் வராது. ஆனால் அதன்மேல் அப்படி ஒரு பிரியம். காவல் எனக்கு வந்தது.

விளக்கெண்ணெய் தடவினேன். உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை ஓட்டையானபோது சைக்கிள் கடையில் கெஞ்சி ஒட்டுப் போட்டேன். சைவர் வீட்டில் தோலைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருப்பார்களா? அம்மா சத்தம் போட்டாள்.

“அடுக்கள வாசல்ல தோலைக் கொண்டாந்து வைக்கியே, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா?”

“அம்மா, அது பந்து.”

“மாடா இருந்து செத்ததுதானலே? மாட்டுத் தொழுவத்துல கொண்டு வையி.”

தொழுவத்தில் உறி கட்டித் தொங்கவிட்டேன். தெருவில் எனக்குப் பந்துப்பிள்ளை என்று பேர் வந்தது.

காதர் எங்களுக்குக் கிடைத்ததும் அந்தக் கால்வாயால்தான். ஒருநாள் பந்து தண்ணீரில் போய்விட்டது. கரையில் நான் அலறிக்கொண்டு ஓடுகிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. எதிரே துணி மூட்டையைத் தலையில் வைத்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவன் மூட்டையை என்மேல் போட்டுவிட்டுக் குதித்தான். பந்தோடு கரையேறி, கைலியைப் பிழிந்துகொண்டே கேட்டான்: “இத வச்சு என்னவே செய்வீங்க?”

ஆடிக் காட்டினோம். மறுவாரம் நாலு பேரோடு வந்துவிட்டான். மேலப்பாளையம் கட்சி அப்படித்தான் பிறந்தது.

எனக்கு ஊதல் வந்த விதம்

விதிப் புத்தகத்தில் இரண்டு உத்தியோகஸ்தர்கள் உண்டு. ரெபரி பந்தைப் பார்ப்பவர். அது கோட்டுக்கு வெளியே போனதா, கூடைக்குள் போனதா, யாருக்குச் சேரவேண்டியது என்றெல்லாம் சொல்வது அவர் பொறுப்பு. அம்பயர் ஆட்களைப் பார்ப்பவர். யார் யாரைத் தள்ளினார், யார் கையைப் பிடித்தார், யார் காலை நீட்டினார் என்பதெல்லாம் அவர் கணக்கு.

“ரெபரி நான், அம்பயர் நீ” என்றான் ஞானமுத்து. ஒரு பித்தளை ஊதலை என் கழுத்தில் மாட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதில் எவ்வளவு பெரிய தப்பு நடந்துவிட்டது என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஊரிலேயே பந்திலிருந்து கண்ணை எடுக்க முடியாத ஒருவன் உண்டென்றால் அது நான். பந்து தெற்கே சாய்ந்தால் என் கால்கள் கால்வாயை நோக்கி ஓடும். வடக்கே போனால் மூச்சு வரும். அந்த ஆளைப் பிடித்து, பந்தைப் பார்க்காமல் இருப்பதே வேலையாக உள்ள உத்தியோகத்தில் வைத்தார்கள்.

பந்து எந்தப் பக்கம் போகிறதோ நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கமே ஓடுவோம். ஒரே இடத்தில் நிற்போம். ஒரே விஷயத்துக்கு ஒரே சமயத்தில் ஊதுவோம். இரண்டு ஊதல் சேர்ந்து கேட்கும்போது எவ்வளவு கச்சிதமாக நடத்துகிறோம் என்று எங்களுக்கே தோன்றும். எங்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்த மைதானத்தை யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதம் அங்கே ஒன்றும் நடக்கவுமில்லை. நடந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை

டிரெயினிங் ஸ்கூலுக்கும் மேலப்பாளையத்துக்கும் முதல் பந்தயம். முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். நாற்காலி போட்டு ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். “பிள்ளைகளை முழுசா அனுப்பி வைப்பேன்” என்று மேலப்பாளையம் பெரியவர்களிடம் வாக்குக் கொடுத்து அழைத்தவர் அவர்தான்.

டிரெயினிங் ஸ்கூல் கட்சியில் பெரிய ஆள் இசக்கி. உழுது பிழைக்கும் முக்கூடல் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். இன்னும் ஆறு மாதத்தில் வாத்தியாராகிவிடுவான். தோள் அகலம், பேச்சு குறைவு. அவன் சும்மா நடந்தாலே எதிராளி ஒதுங்குவான்.

ஆட்டம் சூடு பிடித்திருந்தது. யாரோ எறிந்த பந்து கடகத்தின் விளிம்பில் பட்டு உயரத் தெறித்து, கால்வாயை நோக்கி உருண்டது. மைதானமே “ஏ... ஏ...” என்று கத்தியது. நானும் இரண்டெட்டு ஓடினேன். கரையில் ஒரு கோரைப்புல் கொத்து பந்தைப் பிடித்து நிறுத்தியது. நான் மூச்சை விட்டேன்.

பின்னால் ஒரு அலறல். திரும்பினேன். காதர் கையைப் பிடித்துக்கொண்டு புழுதியில் கிடந்தான். அவனுக்கு நேர் எதிரே, இரண்டு கைகளையும் நீட்டியபடி குனிந்து நின்றான் இசக்கி.

“தள்ளிட்டான்! இசக்கி தள்ளிட்டான்!” என்று ஒரு குரல். அடுத்த நொடி நூறு குரல்.

காதரின் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கட்டு வைத்தியரிடம் ஓடினார்கள். கூட்டம் மட்டும் கலையவில்லை. தோளோடு தோள் உரச ஆரம்பித்தது. ஹெட்மாஸ்டர் இறங்கி வந்து ஞானமுத்துவைக் கேட்டார்.

“நான் பந்தைப் பாத்தேன் ஐயா, அது என் வேலை. ஆளைப் பாக்குதது அம்பயர்” என்றான் அவன். விதிப்படி முழுக்கச் சரியான பதில்.

முந்நூறு முகமும் என் பக்கம் திரும்பின. கழுத்தில் ஊதல் தொங்குகிறது. பார்க்கவேண்டியவன் நான், பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? திரும்பியபோது கண்ணில் பட்டது அந்த நீட்டிய கைகள். அதைப் பார்த்தது உண்மைதானே என்று மனசு ஒரு சந்து கண்டுபிடித்தது.

“பாத்தேன் ஐயா. இசக்கிதான்.”

இசக்கி வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“விடிஞ்சதும் ஊருக்குப் போயிரு” என்றார் ஹெட்மாஸ்டர் அவனிடம். “இந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே ஒனக்கு எடமில்ல.”

அப்பாஸ் சொன்னது

தறிக்குழிக்குத் திரும்புகிறேன். நான் எழுந்து நின்றதைப் பார்த்துக் காதர் கேட்டான்: “என்னவே, தேள் கொட்டிட்டா?”

“ஒம்ம கை எப்படி ஒடிஞ்சுது?” என்றேன்.

“ஒடிச்ச ஆளு இங்கனதான இருக்கான், அவனயே கேளும்” என்று அப்பாஸைக் காட்டினான் காதர்.

அப்பாஸ் சலித்துக்கொண்டான். “நேத்துல இருந்து இதே பாட்டு! நான்தான்யா மோதினேன். பந்து தெறிச்சுதா, அண்ணாந்து பாத்துக்கிட்டே ஓடினேன். நடுவுல இவன் நிக்கது எனக்கு என்ன தெரியும்? அதுக்குத்தான் இவன் எடத்துல குழிக்குள்ள கெடந்து ஒழைக்கேன். போதாதா?”

“அப்போ இசக்கி?”

“இசக்கியா? அவன் தங்கமான பய. அவன்லா என்னயத் தூக்கிவிட வந்தான்” என்றான் காதர். “ஏன், அவனுக்கு என்ன?”

சொன்னேன். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மைதானத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தறி நின்றது. காதரின் அண்ணன் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு நூலைத் தடவிக்கொண்டிருந்தார்.

காதர்தான் பேசினான். “என் கை ஒரு மாசத்துல கூடிரும். அவன் படிப்பு அந்து போனா எந்த வைத்தியன்வே கட்டுப் போடுவான்? இங்கன நின்னு என் மூஞ்சியப் பாக்காதேயும். போம்.”

சாப்பாட்டு மணி

கால்வாய்க் கரையோடு ஓட்டமும் நடையுமாகப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஹெட்மாஸ்டர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வழியில் அகப்பட்ட ஞானமுத்துவும் கூட வந்தான்.

முழுவதையும் கேட்டார். பிறகு, “பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லுததுக்கு என்ன?” என்றார்.

“அம்பயர் பாக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துது ஐயா.”

“நேத்து எத்தனை பேருக்கு முன்னால சொன்னே?”

“முந்நூறு பேர் இருக்கும்.”

“இன்னைக்கு விடுதில அறுபது பேருதான் இருக்கான். அவனுவகிட்டயாவது சொல்லு.”

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. அறுபது இலை. சாம்பார் வாசனை. நான் வாசற்படிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். ஒருவனும் நிமிரவில்லை. ஆனால் பிசைந்துகொண்டிருந்த அறுபது கைகளும் அப்படியே நின்றன.

ஞானமுத்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். “அம்பயரும் பந்தைத்தான் பாக்கான்னு எனக்கு மூணு மாசமாத் தெரியும். நானும் சொல்லல” என்றான். அவன் அப்படிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அதற்காகவே அவன் எனக்கு இன்றுவரை ஞானமுத்து.

ஹெட்மாஸ்டர் என் கழுத்திலிருந்த ஊதலை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். இசக்கி திரும்பி வரலாம் என்று ஒரு கடிதம் எழுதினார். “தபால்ல போடமாட்டேன். நீயே கொண்டு போ” என்றார்.

முக்கூடல் வயலில்

மறுநாள் வக்கீலிடம் வயிற்றுவலி என்று சொல்லி லீவு கேட்கத்தான் முதலில் நினைத்தேன். பொய் சொன்ன சூடே இன்னும் ஆறவில்லையே என்று உள்ளதைச் சொன்னேன். “பொய்ச் சாட்சியா? என் ஆபீஸ்லயா?” என்று அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு லீவு கொடுத்தார்.

முக்கூடலுக்குத் திரும்பிய காலி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஆற்றங்கரை மருத மரங்களின் நிழல். வேறு நாளாக இருந்தால் இறங்கி இரண்டு முங்கு போட்டிருப்பேன். எனக்குத்தான் நீச்சல் தெரியாது என்றேனே. படியில் உட்கார்ந்து போடும் முங்கு.

இசக்கி முழங்கால் சேற்றில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

“வாரும் அம்பயரு! வரப்பப் பாத்து வாரும். ஆகாசத்தப் பாத்தீரு, விழுந்துருவீரு!”

நாற்று நடுகிற பெண்கள் சிரித்தார்கள். அவன் அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். கடிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“எய்யா, எம்மவன் அந்தப் பயலுக்கக் கைய ஒடிச்சானா?”

“இல்ல.”

“ஒடிச்சதை நீங்க பாத்ததாச் சொன்னியளாமே?”

“சொன்னேன். பாக்கல. பாக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லிட்டேன்.”

தலைப்பாகைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “எங்கன வேல பாக்கிய?” என்றார்.

“வக்கீல் ஆபீஸ்ல.”

“நல்ல எடந்தான்” என்றார். பெண்கள் மறுபடி சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. அவர் முகத்திலும் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதற்கப்புறம்தான் எனக்குக் கால் தரையில் பட்டது.

இசக்கியிடம் கடிதத்தை நீட்டினேன். கை சேறு என்று வாங்கவில்லை. “நீரே படியும்” என்றான். படித்தேன். கேட்டுக்கொண்டே ஒரு முடி நாற்றைக் கட்டி எறிந்தான்.

“தூக்கிவிடத்தான் குனிஞ்சேன்” என்றான் கடைசியில். அவ்வளவுதான் அவன் கோபம். ஒரு முழு வசவு வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“தெரியும். காதர் சொன்னான். வாரியா?”

“இந்த வயலு முடியாம எங்கன வர? ஆளு கொறச்சல். நான் போனா ரெண்டு கை போயிரும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வேறு என்ன செய்வது? நான் கட்டிய நாற்று முடிகள் எறிந்த மாத்திரத்தில் அவிழ்ந்து தண்ணீரில் பரந்தன. ஒரு கிழவி அவற்றைப் பொறுக்கி மறுபடி கட்டிக்கொண்டே, “இந்தப் புள்ள வந்ததுல இருந்து வேல ரெட்டிப்பால்லா ஆகுது” என்றாள்.

இரண்டு பாதி

மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தோம். தறியில் தோன்றிய யோசனையை இசக்கியிடம் சொன்னேன். மனசில் அத்தனை குற்ற உணர்வு இருந்தும் அதைச் சொல்லும்போது எனக்கு வேகம் வந்துவிட்டது. ஈர மண்ணில் ஒரு குச்சியால் மைதானம் வரைந்தேன். நடுவே கோடு. “இந்தப் பாதி ஞானமுத்து. இந்தப் பாதி நான். என் பாதிய விட்டு நான் நகரமாட்டேன்.”

இசக்கி படத்தைப் பார்த்தான். “நீரு இந்த மூலைல நிக்கீரு. ஆட்டம் பூரா அந்த மூலைல நடக்கு. இங்கன நின்னு மண்ணையா பாப்பீரு?”

நடுக்கோட்டை விரலால் அழித்தேன்.

அவன் என் கையிலிருந்து குச்சியை வாங்கினான். “தள்ளு விழுதது பந்து இருக்க எடத்துல இல்லவே. அங்கன எல்லாவனும் பாக்கான், எவன் தள்ளுவான்? பந்தை எறிஞ்சு முடிச்சவன் கைய எவனும் பாக்கமாட்டான். கூடைக்குக் கீழ பந்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கவன் இடுப்பையும் எவனும் பாக்கமாட்டான். பந்து போன எடம், பந்து வரப்போற எடம். இந்த ரெண்டுதான்.”

ஆடுகிறவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது! புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

மாலை வரை நாற்றும் படமுமாகப் போனது. வரைந்து அழித்து, வரைந்து அழித்து, கடைசியில் ஒன்று நின்றது. பந்து ஒரு கூடையை நோக்கிப் போகும்போது ஒருவர் அதற்கு முன்னாலேயே ஓடிக் கூடைக்குக் கீழே கோட்டோரம் போய் நின்றுவிட வேண்டும். மற்றவர் பின்னால், எதிர் ஓரமாக வர வேண்டும். பத்துப் பேரும் எப்போதும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். பந்து திரும்பினால் பின்னால் வந்தவர் முன்னால் போவார், முன்னால் நின்றவர் பின்னால் வருவார். பந்து யார் பக்கம் இருக்கிறதோ அவர் ரெபரியின் கண்ணோடு அதைப் பார்க்கலாம். மற்றவர் அந்த நேரம் பந்தை மறந்துவிட வேண்டும்.

“மறப்பீரா?” என்று கேட்டான் இசக்கி.

“கால்வாய்ப் பக்கம் போனாலுமா?”

“பாத்தீரா, இப்பவே கேக்கீரு!”

பிறகு அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கால் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். “நான் வாரேன். ஆனா ஹெட்மாஸ்டர் வேற ஆளை அம்பயரா நிறுத்துனார்னா ஆடமாட்டேன். நீரு அன்னைக்குச் சொன்னது முந்நூறு பேருக்கும் தெரியும். எங்கன எவன் விழுந்தாலும் இனிமே நாந்தான் தள்ளினேம்பான். நீரு நில்லும். ஆட்டம் பூரா என் கையப் பாரும். தள்ளினா ஊதும். தள்ளலன்னா தள்ளலன்னு சத்தமாச் சொல்லும்.”

மறுநாள் இரண்டு பேருமாக வண்டியேறினோம். ஹெட்மாஸ்டரிடம் அதை அவனே கேட்டான். நான் வெளியே நின்றேன். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

அந்த வாரச் சனிக்கிழமை அதே இரண்டு கட்சிகளும் மறுபடி ஆடுவதென்று ஏற்பாடு. காதர் கட்டோடு வந்து உட்காருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டான். அவன் இடத்தில் ஆட அப்பாஸ் வேறொரு பையனைப் பிடித்திருந்தான். அன்றிலிருந்து தினமும் மாலை பையன்கள் பந்தை எறிய, நானும் ஞானமுத்துவும் முன்னும் பின்னுமாக ஓடிப் பழகினோம். நான் பந்தைப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் அவன் ஒரு கல்லைக் கோட்டோரம் வைத்தான். செவ்வாய்க்கிழமை ஒரு சின்னக் குவியல். வெள்ளிக்கிழமை ஏழு கல்.

ஏழு அதிகம்தான். ஒரு கல்லின் நேரத்துக்குள் ஒருவன் விழுந்துவிடலாம், இன்னொருவன் வீட்டுக்குப் போகவேண்டி வரலாம். ஆனாலும் மறுநாள் நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஞானமுத்து நடுவில் நின்று பந்தை மேலே எறிவான். மைதானமே அண்ணாந்து பார்க்கும். எனக்குப் பார்க்க வேண்டியது கீழே, என் பாதியில், இசக்கியின் இரண்டு முழங்கைகள்.